கூடாரமும் முகாமும்

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக மலையை நோக்கி வரும் பெருந்தெரு கரவனெல்லவில் இரு வழிகளைக் காட்டுகிறது. நேரே சென்றால் எட்டியாந்தோட்டை, கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன். திரும்பினால் புளத்கொஹுபிட்டிய, அப்பால் கேகாலை. பாடசாலை விடுமுறைக் காலங்களில் நேர்வழியிலே, முதுகில் மூட்டை கட்டிய மோட்டார் வண்டிகள் ஏறிச் செல்வதைக் காணலாம். அம்மூட்டைகளில் இருப்பவை கூடாரங்கள். நகரத்தில் வாழும் ஒரு குடும்பம், தாயும் தந்தையும் பிள்ளைகளும் சிலவேளை ஒரு பாட்டியும், காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையிலோ மவுசாகலைக் கரையிலோ இரண்டு இரவு தங்கி மீளப் புறப்பட்டிருக்கிறது. மற்றத் தெரு களுபஹனத் தோட்டத்தின் பக்கம் போகிறது. அத்தோட்டத்தின் செய்திக்குப் பின்னர் வருவோம்.

தமிழில் 'முகாம்' என்ற சொல் ஒன்றுதான். விடுமுறைக்கு ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்குவதும் முகாம். மண் சரிந்து வீடிழந்தவர்கள் பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்துப் படுப்பதும் முகாம். இரண்டிலும் மழை உண்டு, ஈரம் உண்டு, பொதுக் குழாயடியில் காத்து நிற்பதும் உண்டு. இவ்விரண்டுக்குமிடையே உண்மையில் இருக்கும் வேறுபாடு யாது, அவ்வேறுபாட்டுக்குப் பொறுப்பாளி யார் என்பதே நாம் இங்கே ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி.

முதலில் ஏரிக்கரைக்குப் போவோம். இவ்வேரிகள் இயற்கை தந்தவை அல்ல என்பதை மாணவர் நினைவிற் கொள்ளுதல் நன்று. களனி கங்கையின் மேற்கிளைகளான கெஹெல்கமு ஓயாவையும் மஸ்கெலியா ஓயாவையும் அணைகட்டி மறித்து உண்டாக்கியவை இவை. இம்மலைநாட்டு நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் எனப் பொறியியலாளர் விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே கட்டுரை எழுதினார். லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950இல். காசல்ரீ அணை 1965இலும் மவுசாகலை அணை 1969இலும் முடிந்தன. பழைய மஸ்கெலியா நகரம் இன்றும் மவுசாகலை நீரின் அடியில் கிடக்கிறது. வரட்சியில் நீர்மட்டம் தாழ்ந்தால் அந்நகரின் கோயில் வெளியே தெரியும். அதைக் காணவும் மக்கள் கூட்டமாகப் போவர். அந்த நீர் மின்சாரமாகி நகரங்களில் விளக்கேற்றியது. ஏரியைச் சூழ்ந்த பல லயன்களின் காம்பிராக்களில் அதன் பிறகும் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

இத்தகைய கரையில் நமது குடும்பம் இறங்குகிறது. முதல் நாள் மாலை இனிமையாகக் கழிகிறது. மறுநாள் பிற்பகல் மலைமுகட்டில் கருமேகம் கவிகிறது. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவு இலங்கையில் மிகுந்த மழை பெறும் பகுதி. வட்டவளைப் பக்கத்தில் ஆண்டொன்றுக்கு ஐயாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் பெய்வதுண்டு. மழை இறங்கியதும் நனைந்த விறகு பற்ற மறுக்கிறது. சோறு அரைவேக்காட்டில் நிற்கிறது. காற்று முளைகளைப் பிடுங்குகிறது. கூடாரத்தின் கீழால் நீர் ஊர்ந்து வந்து படுக்கையை நனைக்கிறது. சிறுவன் இருமத் தொடங்குகிறான். கையிலுள்ள தொலைபேசியில் எச்சரிக்கை வருகிறது. அரைமணி நேர ஆலோசனை. பின்னர் யாவற்றையும் சுருட்டி வண்டிக்குள் எறிந்துவிட்டு, பனிமூட்டத்தினூடே ஊர்ந்து, விடிவதற்குள் வீடு சேர்கிறார்கள். காலையில் அயலவர் கேட்கும்போது விடை ஆயத்தமாக இருக்கிறது: "வானிலை கெடுத்துவிட்டது."

இக்குடும்பத்தைப் பரிகசித்து எழுதுவது சுலபம். முற்போக்கு எழுத்து என்ற பெயரில் அப்படி எழுதுவோரும் உளர். நாம் அந்த வேலையைச் செய்யப் போவதில்லை. ஓய்வு என்பது செல்வர் வீட்டுச் சீதனமன்று. எட்டு மணி நேர வேலைக்காக உலகத் தொழிலாளர் உயிர் கொடுத்துப் போராடியபோது, எஞ்சிய பதினாறு மணி நேரத்தையும் மனிதருக்குரியதாக மீட்பதே அவர்களது நோக்கமாயிருந்தது. மார்க்சின் மருமகனான போல் லபார்க் 1880இல் சோம்பியிருக்கும் உரிமையைப் பற்றியே ஒரு சிறு நூல் எழுதியவர். ஏரிக்கரையில் இரண்டு இரவு தங்கிப் பிள்ளைகளோடு நட்சத்திரம் பார்ப்பதில் குற்றம் ஏதுமில்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் இறப்பர் வெட்டும் ஆணுக்கும் அது கிட்டாததே குற்றம். கடன்பட்டு வாங்கிய வண்டியில் ஆண்டுக்கு ஒருமுறை மலையேறும் எழுதுவினைஞனை வர்க்கப் பகைவனாகக் காண்பவன், பகைவன் யாரென்பதை மறந்துவிட்டவன்.

ஆயினும் அக்குடும்பம் எதை அனுபவிக்கப் போனது என்பதை ஊன்றி நோக்க வேண்டும். உறுதியான கூரையின்மை, விறகடுப்பு, தொலைவிலிருந்து சுமந்து வரும் நீர், ஒரே இடத்தில் அனைவரும் நெருக்கியடித்துப் படுத்தல், வெளியே போய்க் கழிக்கும் மலசலம். இப்பட்டியலைப் பெயர் குறிப்பிடாமல் ஒரு தோட்டப் பிள்ளையிடம் வாசித்துக் காட்டினால், இது எங்கள் லயத்தைப் பற்றி யாரோ எழுதியது என்றே அது எண்ணும். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில் வெள்ளையர் காலத்தில் கட்டப்பட்ட காம்பிராக்களில், முன்னே ஓர் ஒடுங்கிய இஸ்தோப்பும் மேலே துருவேறிய தகரமுமாக, நான்கு ஐந்து தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. பொழுதுபோக்காகக் கூடாரமடித்தல் என்னும் வழக்கத்தைப் பரப்பியவர்களுள் ஒருவர் ஹோல்டிங் என்ற ஆங்கிலத் தையற்காரர். 1908இல் அதற்கென ஒரு கைநூலும் எழுதினார். நகரத்து வசதிகள் பெருகிய பின்னரே வசதியின்மை ஒரு விருந்தாயிற்று. வசதியைக் கண்டிராதவன் வசதியின்மையைத் தேடிப் போவதில்லை.

இரண்டு துன்பங்களும் உடலுக்கு ஒன்றே. நனைந்த பாயின் குளிர் ஆளறிந்து கடிப்பதில்லை. வேறுபாடு துன்பத்தின் அளவிலும் இல்லை. ஏரிக்கரையின் ஒரு புயலிரவு லயத்தின் சாதாரண இரவை விடக் கொடியதாகவும் இருக்கலாம். வேறுபாடு, எழுந்து போய்விட முடியுமா என்பதிலே தங்கியுள்ளது. கூடாரத்தில் படுத்திருப்பவனுக்குப் பின்னால் எங்கோ ஒரு கதவு இருக்கிறது. அக்கதவின் திறவுகோல் அவனது சட்டைப் பையில் கிடக்கிறது. அதனாலேயே அவனது இடர் விளையாட்டாகிறது. மறுநாள் சிரித்துச் சொல்லும் கதையாகிறது.

இனி, 'கெட்ட வானிலை' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். வானத்துக்கு நன்மை தீமை தெரியாது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அது பாதி உண்மைதான். மனிதர் தாம் நிற்கும் இடத்திலிருந்தே வானத்துக்குப் பெயர் சூட்டுகின்றனர். இதற்குக் கரவனெல்ல வட்டாரத்தின் சரித்திரத்திலேயே ஒரு பயங்கரச் சான்று உண்டு.

1934ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. நாள்தோறும் தெளிந்த வானம், வெண்ணிற வெயில். கூடாரம் அடிக்க அதைவிடச் சிறந்த பருவம் வேறில்லை. ஆனால் என்றும் பெருக்கெடுத்தோடும் களனியும் மகா ஓயாவும் வற்றி, மணற் படுக்கைகளில் குட்டை குட்டையாகத் தேங்கின. ஓடும் நீரில் பெருக முடியாத அனோபிலிஸ் நுளம்பு அக்குட்டைகளில் கோடிக்கணக்கில் பெருகிற்று. மலைக்காய்ச்சலுக்கு அதிகம் பழகாத ஈரவலயத்து மக்களிடையே, ஏற்கெனவே அரை வயிற்றோடு கிடந்த குடியானவரிடையே, மலேரியா தீயெனப் பரவியது. சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலை மாவட்டம் மிகக் கொடிதாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. அவ்வேளையில் சூரியமல் இயக்கத்தைச் சார்ந்த இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து இக்கிராமங்களுக்குள் நடந்தார்கள். அவர்களுள் ஒருவரான கலாநிதி என். எம். பெரேராவை, அவர் வழங்கிய பருப்பை நினைத்து மக்கள் 'பருப்பு மாத்தையா' என்று அழைத்தனர் என்பர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. 1936இல் அவரை ருவன்வெல்லத் தொகுதி அரசுப் பேரவைக்கு அனுப்பியது. கரவனெல்லவிலிருந்து ருவன்வெல்ல எட்டிவிடும் தூரம்தான்.

அந்த எண்பதாயிரம் பேரைக் கொன்றது தெளிந்த வானமா? வரட்சி நுளம்பைப் பெருக்கியது. நுளம்பு கடித்தவர்களுள் எவர் பிழைப்பார், எவர் மாள்வார் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தவை தானியக் குதிரும் வைத்தியசாலைக்குள்ள தூரமும் குயினைன் குளிகையுமே. உண்டவனுக்குக் காய்ச்சல் வந்தது. உண்ணாதவனுக்கு மரணம் வந்தது. பட்டினியும் மலேரியாவும் சேர்ந்தே கொன்றன என்பதை அறிந்துதான் அவ்விளைஞர்கள் மருந்தோடு பருப்பையும் சுமந்தார்கள். அது வெறும் இரக்கச் செயல் எனச் சிலர் எழுதுவர். எமக்கு அது ஒரு நோய்நிர்ணயமாகவும் படுகிறது.

வரட்சி ஒருபுறமிருக்க, மழைக்கு வருவோம். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டங்களுட் பல இறப்பர்த் தோட்டங்கள். தேயிலையைப் போல இறப்பர் மழையைப் பொறுத்துக்கொள்வதில்லை. விடியற்காலையில் பட்டையைச் சீவியதும் பால் கோட்டின் வழியே இறங்கிச் சிரட்டையில் சேர வேண்டும். பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டை விட்டு வழிந்து மரமெங்கும் பரவி வீணாகும். சிரட்டையில் மழைநீர் நிறையும். ஆகவே மழைக்காலையில் பால்வெட்டு இல்லை. மரத்துக்கு மழைக்காப்புக் கட்டிய தோட்டங்களில் சில நாட்கள் மீட்கப்படுகின்றன. கட்டாத தோட்டங்களில் வேறு வேலை கொடுத்தால் பேர் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. அதிகாலை நான்கு மணிக்குத் தகரத்தில் விழும் மழையொலியைக் கவிஞர் சங்கீதம் என்பார். இஸ்தோப்பில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கும் பால்வெட்டுத் தொழிலாளிக்கு அது அன்றைய அரிசி கழியும் ஓசை. நமது நகரத்துக் குடும்பத்துக்கு மழை இரண்டு நாளைக் குலைத்தது. இங்கே ஒவ்வொரு பருவத்திலும் எத்தனையோ நாட்களைக் குலைக்கிறது. அவனோ அதை 'திட்டம் குலைந்தது' என்று சொல்வதில்லை. மழை என்று மட்டும் சொல்கிறான்.

இந்த இடத்தில் ஒரு பழைய வாதத்தை நினைவுகூர வேண்டும். 1755 நவம்பர் முதல் நாள் லிஸ்பன் நகரத்தைப் பூகம்பம் அழித்தது. வோல்தேர் அது குறித்து நெஞ்சுருகக் கவிதை எழுதி, படைப்பின் நியாயத்தையே கேள்விக்குள்ளாக்கினார். அடுத்த ஆண்டு ரூசோ அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆறு ஏழு மாடிகள் கொண்ட இருபதினாயிரம் வீடுகளை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கை அன்று என்பது அவருடைய வாதம். முதல் அதிர்வு கேட்டவுடன் மக்கள் ஓடியிருந்தால் பிழைத்திருப்பர். தத்தம் உடைகளையும் பத்திரங்களையும் பணத்தையும் எடுக்கத் தாமதித்தே பலர் மாண்டனர் என்றும் அவர் எழுதினார். வோல்தேர் வானத்தை நோக்கிக் கேட்ட கேள்வியை ரூசோ ஊரை நோக்கித் திருப்பினார். ஐரோப்பியச் சிந்தனையில் அது பெரிய திருப்பம்.

ரூசோவின் முதல் வாதம் நமது மலைகளுக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். லயன்கள் எங்கே கட்டப்பட்டன? பயிருக்கும் தொழிற்சாலைக்கும் துரையின் பங்களாவுக்கும் போக எஞ்சிய இடத்தில். காடழித்து வெறுமையாக்கிய சரிவின் அடியில், நீர் வடிந்தோடும் பள்ளத்தின் ஓரத்தில், வேலைக்குக் கிட்டவாக. துரை பங்களா மேட்டில் இருப்பது காட்சிக்காக மட்டுமே என்று எண்ணுவோர் ஒரு பெருமழை நாளில் அங்கிருந்து கீழே நோக்க வேண்டும். அப்பங்களாக்களுட் சில இன்று ஏரியைப் பார்த்தபடி உல்லாச விடுதிகளாக நிற்கின்றன.

2016 மே 17ஆம் நாள் இக்கேகாலை மாவட்டத்தில் இரண்டு மலைகள் இறங்கின. அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து சிரிபுர முதலிய மூன்று கிராமங்களை மூடியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமற்போயும் ஒழிந்தனர். அவர்கள் பெரும்பாலும் சிங்களக் குடியானவர்கள். அதே நாள், கரவனெல்லவிலிருந்து பிரியும் அந்தத் தெருவின் பக்கம், புளத்கொஹுபிட்டியவைச் சேர்ந்த களுபஹனத் தோட்டத்தில் மண் சரிந்து லயன் வரிசையொன்றைப் புதைத்தது. பத்துக்கு மேற்பட்ட தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளும் அதனுள் மாண்டனர். மலை இனம் கேட்டு இறங்கவில்லை. வறியவர் இரு மொழியிலும் ஒரே அடிவாரத்தில் வாழ்ந்தார்கள் என்பதே அந்த நாள் சொல்லும் செய்தி. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் நாட்டைத் தாக்கி அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோதும், சாவு மிகுந்த இடங்களுள் மலைநாட்டு மாவட்டங்கள் முன்நின்றன.

ரூசோவின் இரண்டாவது வாதத்தோடுதான் எமக்குப் பிணக்கு. பத்திரங்களை எடுக்கத் திரும்பியவர்கள் பற்றுக்கு இரையானவர்கள் என்பது அவர் எண்ணம் போலும். தோட்டத்துப் பெண்ணொருத்தி, மலை உறுமும் இரவில், தகரப்பெட்டியை எடுக்க மீண்டும் காம்பிராவுக்குள் நுழைகிறாள் என்று கொள்வோம். அப்பெட்டியில் இருப்பவை யாவை? அடையாள அட்டை, பிறப்பத்தாட்சிப் பத்திரம், கணவனின் சேமலாப நிதிக் கடதாசி, சிலவேளை பாட்டனின் பிரஜாவுரிமைச் சான்று. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு கடதாசி இல்லாமையால் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் ஒப்பந்தம் எழுதி அவர்களைப் பங்கிட்டார்கள். எஞ்சியோரது பிரச்சினையைத் தீர்க்க 2003இல் வேறொரு சட்டம் வேண்டியிருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல், கடதாசி இருந்தால் மனிதன், இல்லாவிட்டால் அந்நியன் என்று ஒரு சமூகத்துக்குச் சட்டமே பாடம் புகட்டியது. அப்பாடத்தை நன்கு கற்றவள் பெட்டிக்காகத் திரும்புகிறாள். அவளைப் பேராசைக்காரி என்பதா, அறியாமை என்பதா?

"எச்சரித்தோம், அவர்கள் போகவில்லை." ஒவ்வொரு மண்சரிவுக்குப் பின்னும் இவ்வாக்கியம் எங்காவது எழுகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதையுண்டபோதும் எழுந்தது. அவ்விடம் ஆபத்தானது என 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்ததாக அதன் பின்னர் வெளிப்பட்டது. எச்சரிக்கை பொய்யன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வல்லுநர்கள் தங்கள் தொழிலைச் செய்தார்கள். கேள்வி வேறு: எச்சரிக்கப்பட்டவர்கள் எங்கே போயிருக்க வேண்டும்?

லிஸ்பன் பூகம்பத்தைப் பற்றி 1756இல் எழுதியவர்களுள் இளைஞரான கான்ட்டும் ஒருவர். பிற்காலத்தில் அவர் அறத்தைப் பற்றிச் சொன்னவற்றுள் ஒன்று நமக்கு இங்கே பயன்படும்: ஒருவன் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று விதிப்பதானால், அதைச் செய்ய அவனால் இயல வேண்டும். இயலாததை ஒருவர் மீது கடமையாகச் சுமத்த நியாயமில்லை. எளிய உண்மைதான். இதை எச்சரிக்கைக்குப் பொருத்திப் பாருங்கள். 'வெளியேறு' என்ற கட்டளை ஏரிக்கரைக் குடும்பத்துக்கு வருகிறது. வண்டி இருக்கிறது, வீடு இருக்கிறது, அவர்கள் வெளியேறுகிறார்கள். அதே கட்டளை லயத்துக்கு வருகிறது. வீடு அவனுடையதன்று, தோட்டத்துக்குரியது. அவன் காலடியில் உள்ள மண்ணில் ஒரு பேர்ச்சஸும் அவன் பெயரில் இல்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போயிற்று. கைமாறிய ஒவ்வொரு வேளையும் மரங்கள் எண்ணப்பட்டன. வீட்டுக்குரியவன் யார் என்ற கேள்வி பெருந்தொகையானோருக்கு விடையின்றியே நின்றது. வேறோர் இடத்தில் குடிசை போட்டுக்கொள்ளவும் அவன் ஒருவரைக் கேட்க வேண்டும். போனால் வேலை போகுமோ என்ற அச்சம்; மாடு, கோழி, கறித்தோட்டம்; பாடசாலை மண்டபத்தில் எத்தனை நாள் என்பது தெரியாமை. மீரியபெத்தையில் உயிர்தப்பியோருக்குப் புதிய வீடுகள் கைக்கு வர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றன. அதுவரை அவர்கள் வாழ்ந்தது தற்காலிக முகாமில்.

போவதற்கு வழி வகுக்காமல் 'போ' என்பது எச்சரிக்கையாகாது. சொன்னவரின் கோப்பில் அது ஒரு கடிதப் பிரதியாகக் கிடந்து, பின்னொரு நாள் சொன்னவரைக் காப்பாற்றும், கேட்டவரைக் காப்பாற்றாது. இதை அதிகாரிகளின் தனிப்பட்ட கொடுமையாக நாம் காணவில்லை. அவர்களுட் பலர் நள்ளிரவில் சேற்றில் இறங்கி நடந்தவர்கள். நிலமற்றவனை நிலத்தைவிட்டு ஓடச் சொல்லும் ஓர் ஏற்பாட்டுக்குள் நல்லவர்களும் இவ்வாறுதான் நடக்க முடிகிறது.

இங்கு ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: அந்த நகரத்துக் குடும்பம் நனைந்த இரவு வீணாயிற்றா? ஓரிரவாவது கூரையின்றிக் கிடந்தவருக்கு, கூரையற்றவர் மேல் பரிவு பிறவாதா? பிறக்கலாம். அனுபவம் தானாகவே அறிவாகிவிடும் என்ற நம்பிக்கை மட்டும் எமக்கில்லை. நனைந்தவர்களிற் பெரும்பாலோர் அதைச் சாகசமாகவே சொல்வதைக் கேட்டிருக்கிறோம். விரதம் இருப்பவரெல்லாம் பசியைப் பற்றி அறிந்துவிடுவதில்லை, மாலையில் இலை விரிக்கப்படும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்தச் சிறுவன், தந்தை வண்டியை ஓட்ட, கண்ணாடியினூடே, தகரக் கூரைகளின் வரிசையில் ஒரு மஞ்சள் விளக்கைக் கண்டிருப்பான். "அவர்கள் எங்கே போவார்கள்?" என்று அவன் கேட்டால் அக்கேள்விக்குப் பெற்றோர் சொல்லும் விடையில்தான் அந்தப் பயணத்தின் முழுப் பெறுமதியும் அடங்கியிருக்கிறது. "அவர்களுக்குப் பழக்கம்" என்றால் பயணம் உண்மையிலேயே கெட்டுப்போனது. மழை அதைக் கெடுக்கவில்லை.

'அவர்களுக்குப் பழக்கம்' என்னும் இவ்வாக்கியம் மிகப் பழையது. அடிமைகளைப் பற்றிச் சொல்லப்பட்டது, தோட்டி வேலை செய்வோரைப் பற்றிச் சொல்லப்பட்டது. துன்பத்தை நீக்க விரும்பாதவன் அதைப் பெறுகின்றவனின் தோலைத் தடித்ததாகக் கற்பனை செய்கிறான். களுபஹனவில் மண்ணுக்குள் புதைந்தவர்களுக்கும் மழை பழக்கமானதுதான்.

இவ்விதழை வாசிக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறோம். 'நான் சென்ற சுற்றுலா' என்ற கட்டுரைத் தலைப்பு எமது வகுப்பறைகளில் சாகாவரம் பெற்றது. தோட்டப் பாடசாலையிலும் அது கொடுக்கப்படுகிறது. ஒருநாளும் சுற்றுலா போகாத பிள்ளை, மாதிரிக் கட்டுரைப் புத்தகத்தைப் பார்த்து, தான் காணாத ஏரியை 'கண்ணுக்கினிய காட்சி' என்று எழுதிப் புள்ளி பெறுகிறது. பொய்யை அழகாக எழுதப் பழக்குவதற்கு இதைவிட வேறு பயிற்சி வேண்டுமா? அதே பிள்ளைக்கு மழையைப் பற்றித் தெரிந்தவை ஏராளம். நிலத்தில் புதிதாய் விழுந்த வெடிப்பு எது, திடீரெனக் கலங்கி வரும் ஊற்று எது, சாயத் தொடங்கிய மரம் எது என்று அதற்குத் தெரியும். இவையே மண்சரிவின் முன்னறிகுறிகளென வல்லுநர்களும் எழுதுகின்றனர். அந்த அறிவுக்கு நமது கட்டுரைத் தாளில் இடமில்லை.

மாணவர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. இருபத்து நான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 என்றால் வெளியேற ஆயத்தம், 150 என்றால் உடன் வெளியேற்றம் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் பொது அளவு. அடி தட்டையான நேர்ச்சுவர்ப் போத்தலொன்றும் ஓர் அளவுகோலும் போதும். தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றின் முற்றத்திலும் மழையை அளந்து கரும்பலகையில் தமிழில் எழுதலாம். பள்ளத்தாக்கிலுள்ள சிங்களப் பாடசாலையும் அதைச் செய்து, இரு பாடசாலைகளும் தம் எண்களைப் பரிமாறிக்கொள்ளலாம்.

ஆனால் அளப்பது பாதி வேலை. பலகையில் 100 என்று எழுதப்படும் மாலையில் அச்செய்தியை யாரிடம் கொண்டுபோவது, எந்த லயத்தார் எந்த மண்டபத்துக்கு எந்த வண்டியில் ஏறுவது, பெட்டியிலுள்ள பத்திரங்களின் பிரதிகள் முன்கூட்டியே எவரிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பது, வேலைக்குப் போகாத அந்நாட்களுக்குப் பேர் உண்டா இல்லையா என்பவற்றைத் தோட்ட நிர்வாகமும் பிரதேச செயலகமும் பருவம் தொடங்குமுன் இரு மொழியிலும் எழுதி, பெரட்டுக்களத்துச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இக்கடைசிக் கேள்வியையும் வைத்தால், மழை ஓய்ந்த மறுநாள் காலை எச்சரிக்கையை மதித்து வெளியேறியவன் கணக்கப்பிள்ளையின் முன் தலைகுனிந்து நிற்க வேண்டியிராது.